கூட்டத்தில் வாய் திறக்காத ஆசிரியர்கள்

கேள்வி: பெங்களூரில் தனியார் டிகிரி காலேஜ் ஒன்றில் வணிகவியல் துறைத் தலைவியாக இருக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் நன்றாகப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் துறைக் கூட்டத்தில் பேசுவதில்லை, வேறு பொறுப்பு எதையும் தாமாக ஏற்பதில்லை. ஈடுபாடு இல்லை என்று நிர்வாகம் என்னைக் கடிந்துகொள்கிறது. என்ன செய்வது?
— வாசகி, அல்சூர்

பதில்: நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களை ஈடுபாடு இல்லாதவர்கள் என்று சொல்வதே முதலில் சரியில்லை. 2018ஆம் ஆண்டு யுஜிசி விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். விடைத்தாளும் இன்டர்னல் மதிப்பெண்ணும் அதற்கு மேல். ஒரு மணி நேரச் சிறப்புரை நடந்தாலும் சுற்றறிக்கை, வருகைப் பதிவு, ஜியோடேக் படம், அறிக்கை என்று, கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் நாக் அமைப்புக்கான கோப்புக்காக அவர்களே அலைகிறார்கள். (நாக் தலைமையகம் நாகரபாவியிலேயே இருப்பதாலோ என்னவோ, நம் ஊர்க் கல்லூரிகளுக்குக் கோப்பு மேல் கொஞ்சம் கூடுதல் பக்தி.) இந்த வேலைக்கு ஓர் அலுவலக உதவியாளரைக் கேட்டு வாங்குங்கள்.

அவர்கள் பேசாததற்குக் காரணம் வேறு. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய ஆசிரியர், அதில் கையெழுத்திடும் முதல்வர் எதிரே உட்கார்ந்திருக்கையில், வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்க மாட்டார். முதல்வர் இல்லாமல் கூட்டம் நடத்துங்கள். அதுவும் மாலை நான்கு மணிக்கு வேண்டாம். ஓசூரிலிருந்து வந்து போகிறவர்களுக்கு அப்போது மனம் சில்க் போர்டு நெரிசலில்தான் இருக்கும்.

அதைவிட முக்கியம், அவர்கள் சொல்லால் ஏதாவது மாற வேண்டும். 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையின் 13ஆம் அத்தியாயம், உயர்கல்வி நிறுவனத்தின் வெற்றிக்கு ஆசிரியர்களின் தரமும் ஈடுபாடுமே தலையாயவை என்று தொடங்கி, அங்கீகரிக்கப்பட்ட வரம்புக்குள் பாடநூல், பயிற்சி, மதிப்பீடு ஆகியவற்றை வகுக்கும் சுதந்திரத்தையும் அவர்களுக்குத் தரச் சொல்கிறது. பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியான உங்களால் பாடத்திட்டத்தைத் தொட முடியாது என்றாலும், மாணவர்களுக்கு எந்த அசைன்மென்ட் தருவது என்பது பெரும்பாலும் துறையின் கையில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி பாடத்துக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதா, சிக்பேட்டைக் கடையொன்றின் பில்களை வைத்துக் கணக்குப் போடுவதா என்பதை அடுத்த கூட்டத்தில் அவர்களே தீர்மானிக்கட்டும். அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றாமல் ஒரு செமஸ்டர் நடத்துங்கள். நிர்வாகம் கேட்டால், அவர்கள் எடுத்த முடிவுகளையும் அவற்றில் நடைமுறைக்கு வந்தவற்றையும் எழுதிக் கொடுங்கள். வருகைப் பதிவேட்டைக் காட்ட வேண்டாம்.