வாடும் செடி, சிவக்காத பழம்: தக்காளி ஹார்மோன் கேள்வி-பதில்

கே: ஃபிளாக்கா (எளிதில் வாடும் திடீர்மாற்றத் தக்காளி) செடிக்கு அப்சிசிக் அமிலம் (இலைத்துளையை மூட வைக்கும் ஹார்மோன்) தெளித்தேன். இரண்டு நாள் நிமிர்ந்து நின்றது, மறுபடி வாடிவிட்டது. மருந்து போலியா?

ப: மருந்தைக் குறை சொல்லாதீர்கள். தெளித்ததை இலை சிதைத்துவிடும், புதிதாகச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. விடாமல் தெளியுங்கள்.

கே: ஃபிளாக்காவும் சிட்டியன்ஸ் என்ற இன்னொரு திடீர்மாற்றச் செடியும் ஒரே மாதிரி வாடுகின்றன. இரண்டும் ஒரே மரபணுவா? அதே வகையைச் சேர்ந்த நோட்டாபிலிஸ் அவ்வளவாக வாடவில்லை, விதை கலந்துவிட்டதா?

ப: அப்சிசிக் அமிலத் தயாரிப்பில் அடைபட்டது ஒரே படி, மரபணுக்கள் வேறு. சிட்டியன்ஸில் கடைசிப் படியின் ஆல்டிஹைடு ஆக்சிடேஸ் நொதியே பழுது. ஃபிளாக்காவில் அந்த நொதிக்கு வேண்டிய மாலிப்டினம் துணைக்காரணியைத் தயார்படுத்தும் மரபணு பழுது. இரண்டையும் கலந்து பாருங்கள், முதல் தலைமுறை வாடாது. நோட்டாபிலிஸில் பழுதான மரபணுவுக்கு உறவுக்கார மரபணுக்கள் உண்டு. அவை ஓரளவு ஈடுகட்டுவதால் ஹார்மோன் சுமார் பாதி இருக்கும். விதையில் தப்பில்லை.

கே: ஜிப்-1 (ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் இல்லாத குட்டைத் தக்காளி) கலப்பின் இரண்டாம் தலைமுறையில் 40 விதை போட்டேன். 31 முளைத்தன, எல்லாமே உயரம். குட்டை எங்கே போனது?

ப: முளைக்காத அந்த 9 விதையையும் தூக்கி எறிந்துவிட்டீர்களா? அவைதான் குட்டை! ஜிப்ரலின் இல்லாத விதை தானாக முளைக்காது. ஜிப்ரலின் கரைசலில் ஊறவையுங்கள். அல்லது வேர்நுனியை மூடியிருக்கும் உறையைக் கூர்மையான கத்தியால் மெல்ல நீக்குங்கள், வெறும் தண்ணீரிலேயே முளைக்கும். நாற்றங்காலை மட்டும் எண்ணி விகிதம் சொல்லாதீர்கள்.

கே: என் திடீர்மாற்றச் செடியில் பழம் சிவக்கவில்லை. பழுக்க வைக்கும் ஹார்மோனான எத்திலின் குறைவு என்று எழுதிவிட்டேன். எத்திஃபான் (எத்திலினை வெளிவிடும் மருந்து) தெளித்தும் பயனில்லை. அளவை இரட்டிப்பாக்கலாமா?

ப: ஐயா, எந்தத் திடீர்மாற்றம் என்றே எழுதவில்லை. பழம் மஞ்சளா, ஆரஞ்சா என்றும் சொல்லவில்லை. அளந்து பார்த்தீர்களா? அதுவும் இல்லை. ஆனால் 'குறைவு' என்று எழுதியாகிவிட்டது. மாதம் ஒருவராவது இப்படிக் கேட்கிறார், எனக்கும் அலுத்துவிட்டது. ஹார்மோன் குறைவது ஒன்று, இருக்கும் ஹார்மோன் செடிக்குக் 'கேட்காமல்' போவது வேறொன்று. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். குறைவாக இருந்தால் கொடுத்ததும் சரியாகும். காது கேளாதவனிடம் இன்னும் கொஞ்சம் கத்திப் பயன் என்ன?

நெவர் ரைப் என்ற திடீர்மாற்றச் செடியில் எத்திலின் ஏற்பியே (எத்திலினை உணரும் புரதம்) மாறிப்போயிருக்கிறது. ஓங்கு தன்மை (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும்), அதனால் கலப்பின் முதல் தலைமுறையிலேயே தெரியும். ரின் என்ற திடீர்மாற்றம் வேறு கதை. பழுக்கும் வேலையைத் தொடக்கும் கட்டுப்பாட்டு மரபணுவில் பழுது. எத்திலினும் பெருகாது, வெளியிலிருந்து கொடுத்தாலும் பழம் சிவக்காது. இரண்டையும் பிரிக்க நாற்றே போதும். எத்திலினின் முன்பொருளான ஏசிசி கலந்த ஊடகத்தில் இருட்டில் முளைக்க வையுங்கள். சாதா நாற்று குட்டையாக, தடித்து, உச்சியைச் சுருட்டிக்கொள்ளும். ரின் நாற்றும் அப்படியே செய்யும், அதன் குறை பழத்தோடு சரி. நெவர் ரைப் மட்டும் எதுவும் நடக்காததுபோல் நெடுநெடுவென்று வளரும். பக்கத்தில் அதே ரகத்துச் சாதாச் செடி கட்டாயம் வேண்டும். அது இல்லாத படம் எனக்கு அனுப்பாதீர்கள்.

கே: சிட்டியன்ஸ் வேரில் சாதாத் தண்டை ஒட்டுக் கட்டினால் வாடுமா?

ப: வாடாது. இலைத்துளையை மூடத் தேவையான அப்சிசிக் அமிலத்தை இலையே செய்துகொள்கிறது.

கே: சிட்டியன்ஸ் பழத்துக்குள்ளேயே விதை முளைத்திருக்கிறது. பூஞ்சையா?

ப: இல்லை. விதையை உறங்க வைப்பதும் அப்சிசிக் அமிலம்தான், அது குறைவு, அவ்வளவுதான். பழம் கனிந்ததும் தாமதிக்காமல் விதை எடுங்கள்.

கே: மைக்ரோ-டாம் ரகத்தில் ஒரு குட்டைச் செடி கிடைத்தது. பிராசினோஸ்டீராய்டு (செடியை நீள வைக்கும் ஹார்மோன்) குறைவாக இருக்குமோ?

ப: மைக்ரோ-டாமே பிராசினோஸ்டீராய்டு தயாரிப்பில் பழுதான குட்டைதான்! அதைவிடக் குட்டையா என்று பக்கத்திலேயே சாதா மைக்ரோ-டாமை வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள்.