பி.காம் சேரும் மகளுக்கு டேப்லெட்டா, மடக்கு லேப்டாப்பா, விலை குறைந்த போனா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பழைய போன் ஒன்று இருக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அது ஓடுகிற வரை புதுப் போன் வேண்டாம். யுபிஐ பதிவு சிம் உள்ள கருவியில்தான் நடக்கும், அதற்கு அதுவே போதும்.

டேப்லெட், படிக்க அருமை. பிடிஎஃப் பக்கத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டியதில்லை. இருபது பக்க அசைன்மென்ட் தட்டச்சு செய்யும்போதுதான் வலி தெரியும்.

மடக்கு லேப்டாப் என்பது டேப்லெட்டாகவும் மாறும் லேப்டாப். அதில் திரை கழற்றும் வகையை வாங்கி நானே ஏமாந்தவன். பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் விலையைப் பார்த்து மயங்கி வாங்கினேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி என்ற மலிவு வகைச் சேமிப்பு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே அவ்வளவுதான்! ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'இடமில்லை' என்று நின்றுவிடும். சேமிப்பு போர்டோடு பற்றவைத்தது, மாற்றவும் முடியாது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு) இல்லாததைத் தொடாதீர்கள். அந்த விலைக்கு மடக்கு வகை கிடைக்கவில்லையா, சரி, சாதா லேப்டாப்பே எடுங்கள்.

அப்புறம், பி.காம் என்றால் டாலி என்ற கணக்கு மென்பொருளைப் பழக வேண்டியிருக்கும். அதை நேரடியாக நிறுவ விண்டோஸ் வேண்டும்.