கொக்கிளாய்க்கு வான் பிடித்து வரலாமா?

வணக்கம் ஐயா,

போன ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவில் பேர்த்திலிருந்து போர்ட் ஹெட்லண்ட் வரை குடும்பமாகக் கரவனில் போய்வந்தோம். 1,600 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். கடலோரத்தில் வெள்ளை மலையாய் உப்புக் குவியல், இரும்புத்தாது ஏற்றிப் போகும் ரயில். மகள் பெட்டிகளை எண்ணத் தொடங்கி இருநூறு தாண்டியதும் விட்டுவிட்டாள். அடுத்த வருடம் ஊருக்கு வருகிறோம். கொக்கிளாய்ப் பக்கத்துப் படம் ஒன்று பார்த்தேன். கருமணலும் ஆளில்லாத வெறுங்கரையுமாக அதே மாதிரி இருந்தது. ஒரு வான் பிடித்து அங்கே இரண்டு மூன்று இரவு தங்கலாமா?

பேர்த்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரலாம், கட்டாயம் வாருங்கள். ஆனால் 'வெறுங்கரை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையோரத்துக் கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய்ச் சனங்கள் 1984 டிசம்பரில் ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். போர் முடிந்த பிறகுதான் திரும்பினார்கள். அதற்குள் கால் நூற்றாண்டு போய்விட்டது. வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. திரும்பி வந்த எல்லோருக்கும் பழைய காணி கிடைக்கவும் இல்லை. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நீங்கள் படத்தில் பார்த்த கரை வெறுமையாகப் பிறந்த கரை இல்லை, வெறுமையாக்கப்பட்ட கரை.

நீங்கள் போன பாதையிலும் இதுதானே கதை? கராத்தா நகரைக் கடந்திருப்பீர்கள். பக்கத்தில்தான் முருஜுகா. பாறை பாறையாய் ஆதிக்குடிகள் செதுக்கிய உருவங்கள், பத்து லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். 2025ல்தான் அது உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. உள்ளே தள்ளி, பில்பரா என்கிற அதே பிரதேசத்தில், ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 வருடம் மனிதர் புழங்கிய பாறைக் குகைகளை 2020 மே மாதம் இரும்புத்தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது. மகள் பெட்டி எண்ணிய கதையைச் சொல்லும்போது இதையும் அவளுக்குச் சொல்லுங்கள். பெரிய பிள்ளை என்றால் விளங்கிக்கொள்வாள்.

சரி, மணலுக்கு வருவோம். வாடைக்காற்றுக் காலம் முடிந்த கையோடு கொக்கிளாய்க் கரைக்குப் போனால், அலை ஏறித் திரும்பும் விளிம்பில் மை தடவியது போலக் கறுப்புக் கோடுகள் கிடக்கும். ஒரு கை கறுப்பு, ஒரு கை வெள்ளை மணல் என்று அள்ளிப் பாருங்கள், கறுப்புக் கை தாழும். பாரம் குறைந்த வெள்ளை மணலை அலை திருப்பி இழுத்துக்கொண்டு போகும், பாரமானது தங்கிவிடும். பழைய கணினி ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய காந்தம் ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கறுப்பு மணலுக்குள் விட்டால் மயிர்க்கொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த கனிமம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற்றின் வெண்மையை இந்தக் கறுப்பிலிருந்துதான் எடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

களப்பு வாய்க்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. 1957ல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கி இன்றுவரை அங்கே கனிய மணல் அள்ளுகிறார்கள். அதை இந்தப் பக்கம் கொக்கிளாய்க்கும் நீட்டப் பார்க்கிறார்கள், சனம் மறிக்கிறது. மறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மணல் திட்டிதான் அவர்களுக்கு மதில். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட சனத்துக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்பதால்தான் கடலோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணல் போனால் கிணறும் போகும். கரைவலை இழுக்கக் கரை வேண்டும், வாடி போட இடம் வேண்டும். இந்த விஷயத்தில் நான் அந்தச் சனங்களின் பக்கம்.

இனி உங்கள் பயணம். முல்லைத்தீவிலிருந்து சிலாவத்தை, அளம்பில், செம்மலை, நாயாறு என்று இறங்கி வந்தால் கொக்கிளாய். உங்கள் ஓட்டத்துக்கு இது ஒரு தூரமே இல்லை, அரை நாள் போதும். அப்படி ஓடாதீர்கள். நாயாற்றுப் பாலத்தில் நில்லுங்கள், கொக்கிளாய்க் களப்பில் காலை வெளிச்சத்தில் பறவை பாருங்கள். 1951லேயே சரணாலயமாக்கிய இடம் அது. இருட்டிய பிறகு வான் ஓட்ட வேண்டாம், யானை வரும். மிதிவெடிச் சிவப்புப் பலகை கண்டால் றோட்டை விட்டு ஒரு அடியும் இறங்க வேண்டாம். பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். கரவன் தரிப்பிடம் என்று இங்கே ஒன்றும் கிடையாது. கரையில் நீங்களாக வானை நிறுத்திப் படுக்காமல், மீனவர் சங்கத்தில் கேளுங்கள். யாரோ ஒருவர் தன் வளவைக் காட்டுவார், இரவுக்கு மீன் குழம்பும் வரும்.

காலம் கேட்டீர்களானால் வைகாசி. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்தண்ணீர் எடுத்துப் போய் அதில் விளக்கு எரிப்பார்கள். அந்தக் கரையும் மற்ற நாளில் படம் எடுத்தால் வெறுங்கரை மாதிரித்தான் தெரியும். திகதி முடிவானதும் எழுதுங்கள், சிலாவத்தையில் நான் வந்து ஏறிக்கொள்கிறேன். காந்தம் என்னிடம் இருக்கிறது.