எங்க மாமா அடுத்த தேர்தல்ல ராமேஸ்வரத்துல மேயருக்கு நிக்கணும்ங்கிறாரு, என்ன செய்யணும்?

மேயர் மாநகராட்சிக்குத்தாங்க. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல மாநகராட்சியே இல்ல, ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம், பரமக்குடி நாலும் நகராட்சி, அதனால மாமா குறி வைக்க வேண்டியது சேர்மன் பதவி.

ஆனா அதுக்கும் நேரா நிக்க முடியாது. முதல்ல ஒரு வார்டுல கவுன்சிலரா ஜெயிக்கணும், அப்புறம் ஜெயிச்ச கவுன்சிலருங்க கூடி தங்களுக்குள்ள ஒருத்தர ஓட்டுப் போட்டு சேர்மனா தேர்ந்தெடுப்பாங்க. 2022ல பிப்ரவரி 19 ஜனங்க ஓட்டுப் போட்டாங்க, மார்ச் 4 தான் சேர்மன், மேயர் எல்லாம் தேர்வானாங்க. இப்ப மேயருக்கும் இதே முறைதான். முன்ன அப்படி இல்ல, 1996ல ஸ்டாலின் சென்னை மேயரானது ஜனங்க நேரடியா போட்ட ஓட்டுல, 2011லயும் நேரடிதான், ஆட்சிக்கு ஆட்சி சட்டத்த மாத்திக்கிட்டே இருந்ததால நிறைய பேருக்கு இன்னும் குழப்பம்.

உதாரணத்துக்கு ராமநாதபுரம் நகராட்சில 33 வார்டு, அதாவது 17 கவுன்சிலர் கையில இருந்தா கவலையில்ல. அதனால கடைசி நிமிஷ ஆட்டமெல்லாம் ஜனங்க ஓட்டுக்கும் சேர்மன் தேர்வுக்கும் நடுவுல இருக்கிற அந்த ரெண்டு வாரத்துலதான். என்னக் கேட்டா கட்சி சீட்டு இல்லாம சேர்மன் கனவு கஷ்டம், ஆனா தெருவுல நல்ல பேரு இருந்தா சுயேச்சையாவே கவுன்சிலர் ஆயிடலாம்.

இன்னொன்னு, உள்ளாட்சில பாதி இடம் பெண்களுக்கு, அதுல சேர்மன் பதவியும் வரும். மாமா போஸ்டர் அடிக்கிறதுக்கு முன்னாடி இடஒதுக்கீடு அறிவிப்ப பாக்கச் சொல்லுங்க, பெண்கள் ஒதுக்கீடுன்னு வந்தா அத்தைக்குத்தான் சான்ஸ் 😄