கல்லுக்கு அடியில ஓடுற பனி

கேள்வி: ராக் கிளேசியர், அதாவது கல் பனியாறுன்னு சொல்றாங்களே, வெறும் கல்லுக் குவியல் எப்படி சார் நகரும்? சூடு கூடினா நின்னுடுமா?

பதில்: மேல பாத்தா கல்லுதாங்க, ஆனா உள்ள ஐஸ். சுவிட்சர்லாந்துல முர்டெல்ங்கற இடத்துல 1987-ல துளை போட்டுப் பாத்தாங்க, மேல மூணு மீட்டருக்குப் பாறைத் துண்டு, கீழ கெட்டி ஐஸ், அதுக்கும் கீழ கல்லும் மண்ணும் சேந்து உறைஞ்ச கலவை. அந்த ஐஸ் தன் எடையிலயே சரிவுல மெதுவா வழியுது, பாதிக்கு மேல நகர்வு சுமார் 30 மீட்டர் ஆழத்துல இருக்கற ஒரு மெல்லிய அடுக்குலதான் நடக்குது. கெட்டி மாவைச் சாய்ச்சா மடிப்பு மடிப்பா விழுமே, மேல்பரப்பும் அப்படியேதான் இருக்கும். வேகம் இடத்துக்கு இடம் மாறும், வருஷத்துக்கு சில சென்டிமீட்டர்ல இருந்து சில மீட்டர் வரை.

சூடு கூடினா உடனே நிக்காது, முதல்ல வேகம்தான் கூடும்! பூஜ்யம் டிகிரியை நெருங்க நெருங்க ஐஸ் இளகும், உருகுன தண்ணியும் உள்ள இறங்கி வழுக்க வைக்கும். ஆஸ்திரியாவுல ஹோகெபென்கார்ங்கற ராக் கிளேசியரோட நகர்வை 1938-ல இருந்தே அளக்கறாங்க, 1990-களுக்கு அப்புறம் ஆல்ப்ஸ்ல பலதும் வேகமாயிருக்கு. ஆனா பனி கம்மியா விழுந்த குளிர்காலம் வந்தா, போர்வை இல்லாத மாதிரி குளிர் நேரா உள்ள இறங்கி, கொஞ்சம் வேகம் குறையும். ஐஸ் ரொம்பக் குறைஞ்ச பிறகுதான் நிக்கும்.

வேகம் கூடினா முன்பக்கத்துல இருந்து கல்லு உருளும், கீழ பாதையோ வீடோ இருந்தா ஆபத்து, அதான் எனக்குக் கவலை. கல்லு மூடியிருக்கறதால இந்த ஐஸ் மத்த பனியாறு மாதிரி சீக்கிரம் உருகாது, வறண்ட ஆண்டிஸ் மலையில இது தண்ணிச் சேமிப்புங்க, அர்ஜென்டினா 2010-ல போட்ட பனியாறு பாதுகாப்புச் சட்டத்துல இதையும் சேத்துச்சு.