டாக்டர் பதில்கள்: "திண்ணையில யாரோ உட்கார்ந்திருக்காங்க!"

வழக்கமாக வரும் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலிக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, "இப்படியும் ஒரு வியாதி இருக்குமா டாக்டர்?" என்று கேட்டவற்றை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன். மூட்டுவலிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இதழ் உங்களுக்குத்தான்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. கண் நீர் அழுத்த நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. கொஞ்ச நாளாக விளக்கு வைக்கும் நேரத்தில் "திண்ணையில யாரோ பட்டுப்புடவை கட்டிட்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாங்க" என்கிறார். "அங்க யாரும் இல்லேன்னு எனக்கும் தெரியும்டி, ஆனா தெரியறாங்களே" என்று அவரே சிரிக்கவும் செய்கிறார். நாத்தனார், மனநோய் தீரும் என்று நம்பி அழைத்துப்போகிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் வைத்துப் பார்க்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டில் மனநல டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். மற்றபடி தெளிவாகத்தான் இருக்கிறார், ரேஷன் கார்டை எங்கே வைத்தோம் என்று எனக்கே அவர்தான் சொல்கிறார்.
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, முதலில் அவரை யாரும் அதட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். எனக்கு வேண்டிய மூன்று விஷயமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பார்வை போயிருக்கிறது, வந்து உட்காருகிறவர்கள் வாயே திறப்பதில்லை, அவர்கள் நிஜமில்லை என்று பார்ப்பவருக்கே தெரிகிறது. இதற்கு சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். ஜெனிவாக்காரரான போனே, கண்புரையால் பார்வை மங்கிப்போன தன் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தோன்றி மறைவதை 1760ல் எழுதி வைத்தார். அந்தத் தாத்தாவுக்கும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

கண்ணிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோனால், மூளையின் பின்பக்கத்தில் பார்வையைக் கவனிக்கிற பகுதி சும்மா இருப்பதில்லை, தன்பாட்டுக்குப் படம் போட ஆரம்பித்துவிடுகிறது. சிலருக்குக் கோலம் மாதிரி கோடுகள், சிலருக்கு முகங்கள், சிலருக்கு ஒரு சாண் உயர மனிதர்கள்கூட. புடவையின் ஜரிகை வரை துல்லியமாகத் தெரியும், எதிரே நிற்கும் பேரன் முகம் தெரியாது, அதுதான் வேடிக்கை. பார்வை குறைந்த வயசானவர்களிடம் "இல்லாதது ஏதாவது தெரியுதா?" என்று நான் கேட்டால் முதலில் மருமகள் பக்கத்தில் இருக்கிறாளா என்று காதைத் தீட்டுவார்கள், மருந்து வாங்கிவரச் சொல்லி மருமகளை அனுப்பிவிட்டுத்தான் பதில் வாங்க முடியும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். உங்கள் மாமியார் வாய்விட்டுச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. சாயங்காலம் திண்ணையில் நல்ல வெளிச்சமாக ஒரு பல்பு போடுங்கள், உருவம் தெரியும்போது கண்ணைச் சிமிட்டி வலமும் இடமுமாக வேகமாக நாலு தடவை பார்க்கச் சொல்லுங்கள், பல பேருக்கு மறைந்துவிடும். கண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டி, புரையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இருந்து அதை எடுத்தால் காட்சிகளும் குறையலாம். ஆனால் வந்தவர்கள் பேச ஆரம்பித்தாலோ, அவர்களுக்குக் காபி போடு என்று மாமியார் உங்களை விரட்டினாலோ, மறதி, நடை தளர்வு, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, புது மாத்திரை தொடங்கியதிலிருந்துதான் இது என்றாலோ கதை வேறு, உடனே டாக்டரிடம் போங்கள். குணசீலத்துக்குப் போவதானால் தாராளமாகப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள், ஒரு மண்டலம் தங்க வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: மகனுக்கு 9 வயது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்கு வெந்நீர் ஊற்றும்போது ஒரே இடத்தைப் பார்த்தபடி அப்படியே நிற்கிறான், வாயை மெல்லுகிறான், கூப்பிட்டால் பதில் இல்லை. தீபாவளியன்று கை கால் வெட்டி இழுத்து விழுந்தே விட்டான், கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டோம். ஆற்றில் குளித்தால் ஒன்றும் ஆவதில்லை. மூளை அலையைப் பார்க்கிற இ.இ.ஜி. டெஸ்ட் நார்மல். எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் என் அம்மா.
- பாபநாசம் வாசகர்

பதில்: எண்ணெய் பாவம், அதை விட்டுவிடுங்கள். குற்றவாளி வெந்நீர், அதுவும் தலையில் சொம்பு சொம்பாக விடாமல் ஊற்றுகிற வெந்நீர். இதற்கு வெந்நீர் வலிப்பு என்றே பெயர். 1945ல் நியூசிலாந்தில் முதன்முதலாக எழுதப்பட்டாலும் அதிகமாகப் பதிவானது நம் பக்கத்துக் கர்நாடகத்தில், பெங்களூர் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை டாக்டர்கள் வருடக்கணக்கில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பையன்களுக்கு அதிகம் வருகிறது. வலிப்பு வராத நேரத்தில் எடுக்கிற இ.இ.ஜி. பெரும்பாலும் நார்மலாகத்தான் வரும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஆற்றில் வருவதில்லை, வெந்நீரில் வருகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, எடுத்த இ.இ.ஜி.யைவிட எனக்கு அதிகம் சொல்லிவிட்டது.

தண்ணீரை வெதுவெதுப்பாக்குங்கள். முதலில் கால், அப்புறம் உடம்பு, கடைசியில் தலை, அதையும் ஊற்றாமல் ஈரத் துண்டால் நனைத்து அலசுங்கள். குளியலறைக் கதவைத் தாழ்போட விடாதீர்கள், ஆறு குளம் என்றால் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். இதிலும் அடங்காவிட்டால், தலைக்குக் குளிக்கிற நாளில் மட்டும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க குளோபசாம் என்ற மாத்திரை உண்டு, நரம்பியல் டாக்டர் பையனின் எடை பார்த்து அளவு சொல்வார், நீங்களாகக் கொடுக்காதீர்கள். குளிக்காத நேரத்திலும் வலிப்பு வருகிறதா என்று கவனியுங்கள், வந்தால் தினசரி மருந்து தேவைப்படும். இன்னொன்று, சில குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் ஒரு சுகம் மாதிரித் தோன்றி, "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்று கேட்பார்கள். கேட்டால் ஊற்றாதீர்கள். சாவிக்கொத்துக்கும் வேலை இல்லை, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு 55 வயது, சர்க்கரை உண்டு, சொந்த நடவு. மழைக்காலத்தில் தொடங்கிய காய்ச்சல் விடவே இல்லை, உடம்பு பாதியாகிவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள், குறையவில்லை. வேறு இடத்தில் ஈரலில் சீழ் என்று ஊசி வைத்து எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், "மண்ணில் இருக்கிற கிருமி" என்று ரிசல்ட் வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி போட்டு, இப்போது மூன்று மாதம் மாத்திரை என்கிறார்கள். காய்ச்சல் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?
- நீடாமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, மாத்திரையை ஒரு நாள்கூட விட்டுவிடாதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம். இது மெலியோய்டோசிஸ். பர்கோல்டேரியா சூடோமாலியை என்று வாயில் நுழையாத பெயருள்ள பாக்டீரியா, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்ததிலிருந்து ஐப்பசி கார்த்திகை அடைமழை வரைக்கும் உங்கள் அப்பா எதில் நின்றுகொண்டிருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலில் சேத்துப்புண் இருந்தால் அதுவே அதற்கு வாசல். வயலில் இறங்குகிற எல்லோருக்கும் வந்துவிடாது, சர்க்கரைக்காரர்களைத்தான் முக்கியமாகத் தேடிப் பிடிக்கும், சிறுநீரகக் கோளாறும் குடிப்பழக்கமும் உள்ளவர்களையும் விடாது.

முதலில் டி.பி. என்று சொன்னவரை ரொம்பத் திட்டாதீர்கள். விடாத காய்ச்சல், எடைக்குறைவு, சில பேருக்கு நுரையீரலில் நிழல் என்று எல்லாமே டி.பி. போலத்தான் இருக்கும், நம் ஊரில் டி.பி.தான் அதிகமும்கூட. சீழையோ ரத்தத்தையோ கல்ச்சர் செய்து கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும், வளர்ந்த பிறகும் சில லேப்களில் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியின் பெயரை எழுதி அனுப்பிவிடுவது உண்டு. அதனால் சர்க்கரை உள்ள விவசாயிக்கு மழைக்காலத்தில் விடாத காய்ச்சலோ ஈரல், மண்ணீரல் சீழோ வந்தால், "வயலில் இறங்குகிறவர்" என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தொழில் என்ன என்று கேட்டால் "சும்மாதான் இருக்கார்" என்று பதில் சொல்கிற பிள்ளைகளை நான் தினம் பார்க்கிறேன்.

இந்தக் கிருமியை முதலில் கண்டுபிடித்தது ரங்கூனில். அங்கே வேலை பார்த்த ஆல்ஃபிரட் விட்மோர் என்ற டாக்டரும் கிருஷ்ணசாமி என்பவரும் சேர்ந்து 1912ல் கட்டுரை வெளியிட்டார்கள். விட்மோர் நோய் என்று பெயர் நின்றுவிட்டது, கிருஷ்ணசாமியைக் காணோம். எனக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊசி கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும், பதுங்கியிருக்கும் மிச்சத்தை ஒழிக்கத்தான் குறைந்தது மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. பாதியில் நிறுத்தினால் மறுபடி வரும், அப்படி வருவது சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். இடையிடையே ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக மிக அபூர்வம், பேரப்பிள்ளைகள் தாத்தா மடியிலேயே உட்காரட்டும். அடுத்த போகத்துக்கு அவர் கட்டாயம் வயலுக்குப் போவார், நாம் சொன்னால் கேட்கப்போவதில்லை. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நடவு நட முடியாது என்பது எனக்கும் தெரியும், ஆனால் மடை திறக்க, வரப்பு வெட்டப் போகும்போது போடலாமே. காலில் புண் இருக்கும்வரை இறங்கவே வேண்டாம், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

கேள்வி: 14 வயது பையன். மூக்கில் ஒரு பக்கம் சிவப்பாகச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வருகிறது. ஒரு தடவை எடுத்தும் மறுபடி வளர்ந்துவிட்டது. புற்றுநோயா?
- திருத்துறைப்பூண்டி வாசகி

பதில்: எடுத்த சதையை பயாப்சிக்கு அனுப்பினார்களா? அந்த ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள், அதைப் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மேலே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், பையன் குளத்தில் முங்கிக் குளிக்கிறவன் என்றால், என் முதல் சந்தேகம் ரைனோஸ்போரிடியோசிஸ். இது புற்று இல்லை. 1900ல் அர்ஜென்டினாவில் சீபர் என்பவர் விவரித்தார் என்றாலும், உலகத்தில் அதிகம் பார்க்கப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். மாடும் மனிதரும் சேர்ந்து இறங்குகிற தேங்கிய குளத்து நீரிலிருந்து வருவதாகக் கருதப்படுகிறது. ரொம்ப காலம் இதைப் பூஞ்சை என்றே நினைத்திருந்தார்கள், 1999ல் மரபணுவைப் பார்த்தபோது மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்குப் பங்காளி என்று தெரிந்தது. மாத்திரையால் மட்டும் போகாது. சதையை எடுத்துவிட்டு அது முளைத்த அடியைச் சூட்டுக்கோலால் கருக்க வேண்டும், அடி மிச்சமிருந்தால் திரும்ப வரும், உங்கள் பையனுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றாது. குளத்துக்குத் தடை, குழாய்த் தண்ணீரில் குளிக்கட்டும்.

கேள்வி: தாய்மாமனைத்தான் கட்டியிருக்கிறேன். ஆறு மாதக் குழந்தையின் மூத்திரத் துணி காயக் காயக் கறுப்பாகிறது. சோப்புப் போட்டால் கறை போவதற்குப் பதில் இன்னும் கறுக்கிறது. ரத்தம், மஞ்சள் காமாலை டெஸ்ட் எல்லாம் சரியாக இருக்கிறது.
- கும்பகோணம் வாசகி

பதில்: சோப்பைக் கவனித்தீர்கள் பாருங்கள், அதற்கு ஒரு சபாஷ். சோப்பில் காரம் இருக்கிறது, காரம் பட்டதும் கறுப்பு ஏறுகிறது என்றால் ஆல்கப்டோனூரியாவா என்று பார்க்க வேண்டும். புரதத்தில் உள்ள ஒரு பொருளை உடைக்கிற நொதி பிறவியிலேயே இல்லாததால், ஹோமோஜென்டிசிக் அமிலம் சிறுநீரில் வெளியேறி, காற்றுப் பட்டுக் கறுக்கும். அந்த அமிலத்துக்கான பரிசோதனையைக் கேளுங்கள். 1902ல் இதை ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் காரட், இந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினர்களாக இருப்பதைக் கவனித்தார். உங்கள் மேல் பழி போடச் சொல்லவில்லை, அடுத்த குழந்தைக்கு நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். குழந்தை சாதாரணமாகத்தான் வளரும். முப்பது வயதுக்கு மேல் முதுகு, மூட்டு தேய்வதுதான் பிரச்சினை, அதைத் தள்ளிப்போட நிடிசினோன் என்ற மருந்தைப் பெரியவர்களுக்கு 2020ல் ஐரோப்பாவில் அனுமதித்திருக்கிறார்கள். நேரம் நிறைய இருக்கிறது, இன்றைக்கே பதற வேண்டாம்.

கேள்வி: மகளுக்குப் பார்த்திருக்கும் வரனுக்கு இதயம் வலது பக்கத்தில் இருக்கிறதாம். அவர்களாகவே சொல்லிவிட்டார்கள். நம்பிக் கொடுக்கலாமா?
- மயிலாடுதுறை வாசகர்

பதில்: மறைக்காமல் சொன்ன குடும்பம், அதற்கே பாதி சம்மதம் சொல்லலாம். ஈரல், வயிறு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறியிருந்தால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது, ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். இதயம் மட்டும் மாறியிருந்தால் அதில் வேறு குறை இருக்க வாய்ப்பு அதிகம், எக்கோ ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சின்ன வயதிலிருந்து ஓயாத சளி, சைனஸ், இருமல் உண்டா என்றும் நாசூக்காகக் கேளுங்கள். அதுவும் சேர்ந்திருந்தால் ஆண்களுக்குக் குழந்தை பிறப்பதில் சிரமம் வரலாம், கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது. இரண்டும் இல்லையென்றால் முகூர்த்தத்தைக் குறிக்கலாம். மாப்பிள்ளைக்குக் குடல்வால் வலி வந்தால் இடது பக்கம்தான் வரும் என்பதை மகளுக்குச் சொல்லி வையுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கப் போனால் படுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒயரை மாற்றி மாட்டிவிட்டோமோ என்று அந்த டெக்னீஷியன் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பார்.