உதட்டில் ஹெர்பிஸ் வருகிறது, ரத்தம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை உதட்டோரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்து, பத்து நாளில் காய்ந்துவிடும். தோல் மருத்துவர் ‘ஹெர்பிஸ்’ என்றார். அடுத்த மாதம் தங்கைக்கு சிசேரியன். ரத்தம் கொடுக்க ஆள் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்தால் தங்கைக்கோ குழந்தைக்கோ இந்தக் கிருமி போய்விடுமா?

பதில்: புண் முழுக்க ஆறி, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் நீங்கள் ரத்தம் கொடுக்கலாம். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் ரத்தத்தில் குடியிருப்பதில்லை. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சு ஒன்றில் சத்தமில்லாமல் பதுங்கியிருக்கும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கக் கேடு என்று ஏதாவது வந்தால் அதே நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வரும். தோலும் எச்சிலும் படுவதால்தான் மற்றவருக்கு ஒட்டுகிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்கு உதட்டு வகை வைரஸ் உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அவர்களை எல்லாம் ஒதுக்கினால் ரத்த வங்கியைப் பூட்ட வேண்டியதுதான்.

நம் நாட்டில் தானம் செய்த ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் என்ற பால்வினை நோய், மலேரியா ஆகிய ஐந்தையும் கட்டாயம் பரிசோதிப்பார்கள். ஹெர்பிஸ் அதில் இல்லை. எனவே இதற்காக முன்கூட்டியே காசு கொடுத்து, ஹெர்பிஸ் எப்போதாவது தொற்றியதா என்று காட்டும் ஐஜிஜி ரத்த டெஸ்ட் எடுக்க வேண்டாம். பாசிட்டிவ் என்று வரும், வீணாகப் பயப்படுவீர்கள்.

கொப்புளம் இருக்கும்போது மட்டும் போகாதீர்கள். முதல் தடவை வரும் ஹெர்பிஸில், காய்ச்சலோடு சில நாள் வைரஸ் ரத்தத்திலும் தென்படலாம். திரும்பத் திரும்ப வருவதில் அது அரிது என்றாலும், புண் ஆறி, மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் முடித்துவிட்டுப் போவதே சரி. எந்த மாத்திரை, எப்போது முடித்தீர்கள் என்று அங்குள்ள மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அக்கி வந்தவர்களும் இப்படித்தான், கொப்புளம் முழுக்க ஆறும்வரை பொறுக்க வேண்டும். அது வேறு வைரஸ், சின்னம்மை போட்ட வைரஸ்தான் மறுபடி கிளம்புகிறது.

பிறப்புறுப்பில் புண் வந்தவர்களுக்கு என் பதில் வேறு. அது ஹெர்பிஸ்தானா, சிபிலிஸா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. சிபிலிஸ் வந்தவர்களிடம் இங்கே ரத்தம் வாங்குவதில்லை. அதோடு, உடலுறவு வழியாக ஒன்று புதிதாகத் தொற்றியிருந்தால், எச்.ஐ.வி.யும் கூடவே வந்திருக்கலாம். தொற்றிய முதல் சில வாரங்களில் பரிசோதனையில் அது சிக்காமல் போகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். படிவத்தில் மறைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் பக்கத்தில் நிற்கிறார்களே என்று கூச்சமாக இருந்தால், ரத்த வங்கி மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம், நீங்கள் கொடுக்கும் ரத்தம் தங்கைக்கேதான் ஏறும் என்றில்லை. பெரும்பாலும் அது கையிருப்பில் சேரும், தங்கைக்குப் பொருந்தும் ரத்தம் அங்கிருந்து வரும். உடன்பிறந்தவர் ரத்தத்தை அப்படியே நேராக ஏற்றாமல் இருப்பதுதான் நல்லதும்கூட. உங்கள் எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்து, கடைசியாகக் கொடுத்து 90 நாள் ஆகியிருந்தால் போதும்.

உண்மையில் நான் கவலைப்படுவது உங்கள் ரத்தத்தைப் பற்றி இல்லை, குழந்தைக்கு நீங்கள் கொடுக்கப் போகும் முத்தத்தைப் பற்றி. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு ஹெர்பிஸ் தொற்றினால் மூளை, ஈரல் வரை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாய்மாமன் என்ற உரிமையெல்லாம் சரிதான், ஆனால் உதட்டோரம் சுருக்கென்று எரிய ஆரம்பித்த நிமிடத்திலிருந்து, பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை குழந்தையிடம் போகாதீர்கள். புண்ணைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள். புண் இல்லாத நாளிலும் எச்சிலில் வைரஸ் வரலாம் என்பதால், முதல் சில மாதங்களுக்கு முத்தமே வேண்டாம். குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, தோலில் நீர்க்கொப்புளம் கண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்கு உதட்டு ஹெர்பிஸ் உண்டு என்பதையும் அங்கே சொல்ல வேண்டும்.